மூல நிரலைத் தொகுப்பதில் நேரும் பிழைகள்

திறந்த மூல மென்பொருளை அரசுத் துறைகள் ஏற்பதற்கான கொள்கையை மத்திய அரசு 2015இல் அறிவித்தது. உரிமக் கட்டணம் மிச்சமாவது மட்டும் இதன் பயனன்று; மூல நிரலைப் பெற்று, தேவைக்கேற்பத் திருத்தி, கணினி இயக்கும் வடிவுக்கு நாமே தொகுத்துக்கொள்ளலாம் என்பதே பெரும்பயன். ஆயினும், தொகுக்கும்போது திரையை நிறைக்கும் பிழைச் செய்திகளைக் கண்டு, 'மென்பொருள் பழுதானது' எனக் குறிப்பெழுதிக் கோப்பை மூடிவிடுவோர் உண்டு. நானும் ஒருமுறை அவ்வாறு எழுதியவனே.

பெரும்பாலும் பழுது மென்பொருளில் இல்லை. ஒரு பிழை பல பிழைகளை ஈன்றுவிடும். ஆகவே கடைசி வரியை விடுத்து, மேலே சென்று முதற்பிழையைத் தேட வேண்டும். 'மேக்' கருவி பல பணிகளை ஒருசேர நடத்தினால் செய்திகள் கலந்துவிடும். ஒவ்வொன்றாக நடத்தச் செய்தால் முதற்பிழை புலப்படும்.

தரவுகளைச் சுருக்க உதவும் 'இசட்லிப்' என்னும் நிரல் நூலகத்தை எடுத்துக்கொள்வோம். 'இசட்லிப்.எச் கோப்பு இல்லை' என்று செய்தி வருகிறது. நூலகமோ கணினியில் இருக்கிறது! சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' போன்ற, டெபியன் வழிவந்த இயங்குதளங்களில், நிரலை இயக்குவதற்கான நூலகம் ஒரு பொதியாகவும், தொகுப்பதற்கு வேண்டிய தலைப்புக் கோப்புகள் 'டெவ்' என முடியும் வேறொரு பொதியாகவும் தரப்படுகின்றன. பின்னதை நிறுவினால் போதும்.

அதன் பின்னரும், 'டிஃப்ளேட்' என்னும் செயற்கூறு வரையறுக்கப்படவில்லை என்று செய்தி வந்தால், அது தொகுப்பியின் புகாரன்று, இணைப்பியின் புகார். கட்டளையில் நூலகத்தின் பெயர் விடுபட்டிருக்கலாம். அல்லது அதைப் பயன்படுத்தும் கோப்புக்கு முன்பாக எழுதப்பட்டிருக்கலாம். இங்கு வரிசையும் முக்கியம்.

முன்னமைவுக் கட்டத்திலேயே பணி நின்றுபோனால் 'கான்ஃபிக்.லாக்' கோப்பைப் படிக்க வேண்டும். அதன் இறுதிப் பகுதி மாறிகளின் நீண்ட பட்டியலே. காரணம் அதற்கு மேலே இருக்கும்.