இடிபோல் வரும் தலைவலி

வெயிலில் பால்மரம் வெட்டும் நமக்கும், செம்பனைக் குலை சுமக்கும் நமக்கும் தலைவலி புதிதன்று. கோடாலித் தைலத்தைத் தடவிச் சற்றே படுத்து எழுந்தால் போய்விடுகிறது. ஆனால், தைலத்தை நம்பி இருந்துவிடக் கூடாத தலைவலியும் ஒன்று உண்டு. அதைப்பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

அது மெல்ல மெல்ல வளர்வதில்லை. இடி விழுந்தாற்போல் வந்து, ஒரே நிமிடத்துக்குள் உச்சத்தை அடைகிறது. மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்தால் இப்படி வலிக்கும். அது உயிருக்கே ஆபத்து. மற்றொரு காரணமும் உண்டு. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் திடீரென இறுகிச் சுருங்குகின்றன. ரப்பர்க் குழாயைக் கையால் அழுத்தினால் நீர் குறைகிறது. கையை எடுத்தால் முன்போல் ஓடுகிறது அல்லவா? அதுபோல இந்தச் சுருக்கமும் பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் நீங்கிவிடுகிறது. கால், பிளெமிங் முதலிய மருத்துவர்கள் 1988இல் இதை விளக்கி எழுதினார்கள். ஆயினும் சிலருக்கு இதனால் பக்கவாதம் வருவதுண்டு.

சில மூக்கடைப்பு மாத்திரைகள் இதைத் தூண்டும். பாரம் தூக்கும்போதும் இருமும்போதும் குளிக்கும்போதும்கூட வலி தாக்கலாம். குறிப்பாகக் கவனிக்க வேண்டியவர்கள் பிள்ளை பெற்ற தாய்மார்கள்.

சிங்கப்பூரில் தேக்காவுக்கு அருகே கேகே மருத்துவமனை இருக்கிறது. எருமைத் தொழுவம் என்று பொருள்படும் மலாய்ப் பெயரின் சுருக்கமே அது. 1924 முதல் பிரசவ மருத்துவமனையாக விளங்கிய அங்கே, 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. பிள்ளை நல்லபடியாகப் பிறந்து வீடு வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். ஆனால் இந்தத் தலைவலி பிரசவத்துக்குப் பின், பெரும்பாலும் முதல் வாரத்தில்தான் வருகிறது. “பச்சை உடம்பு, குளிர் பட்டுவிட்டது” என்று வீட்டுப் பெரியவர்கள் பற்றுப் போடுவார்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் நேரம் போய்விடுகிறது.

இரத்தக் கசிவா, குழாய்ச் சுருக்கமா என்பதை வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது. மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துத்தான் அறிய வேண்டும். ஆகவே உடனே ஆம்புலன்சை அழையுங்கள். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. வலி எந்த நேரத்தில் தொடங்கியது, பிரசவம் எப்போது நடந்தது, என்னென்ன மாத்திரை சாப்பிட்டார் என்பவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முதல் படத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஓரிரு வாரங்கள் வலி மீண்டும் மீண்டும் வரலாம். வந்தால் தயங்காமல் மறுபடியும் போக வேண்டும். தக்க நேரத்தில் சென்ற தாய்மார்களில் பெரும்பாலோர் நலம்பெற்றுப் பிள்ளையை வளர்க்கிறார்கள்.