கடனோடு பிடித்த காப்பீட்டுப் பணம்: பழைய கணக்கைத் தேடிப் பாருங்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் காட்டில் விவசாயம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி நடப்பது. பருத்தியோ மக்காச்சோளமோ உளுந்தோ, விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்காத சிறு விவசாயி அரிது. கடன் பத்திரத்தில் காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு வருகிறார். கைக்கு வரும் தொகை குறைந்திருந்தால், "இன்சூரன்சுக்குப் பிடித்தது" என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

பிடித்தது சில நூறு ரூபாயாக இருக்கலாம். அதன் பின்னால் 2 லட்சம் ரூபாய் உரிமை இருக்கக்கூடும். கடன் வாங்கியவர் காலமான பின், அவர் பேரில் காப்பீடு இருந்ததே தெரியாமல் ஆட்டையும் நகையையும் விற்றுக் கடனை அடைக்கும் குடும்பங்கள் உண்டு. கேளாமலே தலையில் கட்டிய பாலிசிக்கு வட்டியோடு பணம் கட்டுவோரும் உண்டு.

பிடித்தம் எத்தனை வகை?

முதலாவது, பயிர்க் காப்பீடு. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 காரீப் பருவத்தில் தொடங்கியபோது பயிர்க்கடன் பெற்றோருக்குக் கட்டாயமாக இருந்தது. 2020 காரீப் முதல் விருப்பமாயிற்று. விவசாயியின் பங்கு உணவுப் பயிருக்கும் எண்ணெய் வித்துக்கும் காரீப்பில் 2 சதவீதம், ராபியில் 1.5 சதவீதம். பருத்தி போன்ற பணப்பயிருக்கு 5 சதவீதம் வரை.

இரண்டாவது, 2015 முதல் சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கொரு முறை பிடிக்கும் பணம். 12 ரூபாய் (2022 ஜூன் முதல் 20 ரூபாய்) என்றிருந்தால் விபத்துக் காப்பீடு. 330 ரூபாய் (பின்னர் 436 ரூபாய்) என்றிருந்தால் ஆயுள் காப்பீடு. இரண்டிலும் இறப்புக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு.

மூன்றாவது, கடனோடு விற்கும் ஆயுள் பாலிசி. இதன் பிரீமியத்தை மொத்தமாகக் கடனிலேயே சேர்த்துவிடுவதால் அதற்கும் வட்டி ஏறும். குறிப்பிட்ட கம்பெனியின் பாலிசியை எடுத்தால்தான் கடன் என்று வற்புறுத்த வங்கிக்கு உரிமை இல்லை.

தேடும் முறை

1. பாஸ் புத்தகத்தைப் பதிவு செய்து வாங்கி, கடன் கிடைத்த நாளையொட்டிய பற்று வரிகளைப் படித்தவர் ஒருவரைக் கொண்டு பார்க்க வேண்டும்.

2. கடன் கொடுத்த நாள் முதல் முழுக் கணக்கு விவரமும், காப்பீட்டுச் சான்றின் நகலும் கேட்டு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகை பெற வேண்டும். வங்கிகள் கடன் பேரேட்டைக் குறைந்தது 8 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பது 1985ஆம் ஆண்டு விதி.

3. எந்த வங்கி, எந்த ஆண்டு என்பது மறந்திருந்தால், நிலத்தை அடமானம் வைத்துப் பெற்ற கடனுக்கு வில்லங்கச் சான்று வழிகாட்டும்.

4. பயிர்க் காப்பீட்டுக்கு அந்தப் பசலியின் அடங்கல் தேவை. 2018-19 என்றால் பசலி 1428. அவ்வாண்டு மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தது நினைவிருக்கும். காட்டில் மக்காச்சோளம் நிற்க, வங்கி வேறு பயிரைப் பதிந்திருந்தால் அடங்கலே சாட்சி. வங்கியின் தவறால் இழப்பீடு கிடைக்காவிட்டால் அந்த வங்கியே பொறுப்பு என்பது திட்ட விதி.

யாரிடம் முறையிடுவது?

முதல் மனு கிளை மேலாளருக்கு. 30 நாளில் பதிலில்லையென்றாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். பாலிசி குறித்த புகார் காப்பீட்டுக் கம்பெனிக்கும், அதன்பின் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கும் செல்லும். இருவரிடமும் கட்டணமில்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் மீதான புகாரைக் கூட்டுறவு இணைப்பதிவாளரிடமோ, ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலோ கொடுக்கலாம். பயிர்க் காப்பீட்டுக்கு 14447 என்ற தொலைபேசி எண் உண்டு. நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்ல, குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டே கெடு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம்.

பிரிட்டனில் கடனோடு தவறாக விற்ற காப்பீட்டுக்காக, வங்கிகள் 3,800 கோடி பவுனுக்கு மேல் திருப்பித் தர நேர்ந்தது. பாலிசியைத் தொலைத்தவர்களும், பழைய முகவரியைக் கொடுத்து வங்கிக் கணக்கில் தேடச் செய்து பணம் பெற்றனர். ஆனால் 2019 ஆகஸ்ட் 29 என்ற கெடுவுக்குள் கேளாதவர்களில் பெரும்பாலோருக்கு வழி அடைபட்டது.

பருவம் தவறிய விதை முளைக்காது. கடன் கணக்கை இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். இனிக் கடன் வாங்கும்போது, "என்ன பிடித்தம், எதற்கு, சான்று எங்கே?" என்ற மூன்று கேள்வியைக் கேட்ட பின்னரே கையெழுத்திடுங்கள். கிடைக்கும் சான்றைப் பட்டாவோடு வைத்து, வீட்டிலுள்ளோருக்கும் சொல்லி வையுங்கள்.