முறிச் சந்தையும் மண்ணெண்ணெய் விலையும்

2022 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தது. திருகோணமலை, கிண்ணியா, மூதூர் கரைகளில் சிறு இயந்திரப் படகுகளை நம்பி வாழும் தமிழ், முஸ்லிம் கடற்றொழிலாளர்களுக்கு அது தொழிலையே கேள்விக்குறியாக்கிய அறிவிப்பாகும். சீனன்குடாவின் 99 எண்ணெய்க் குதங்களுக்குப் பெயர்பெற்ற மாவட்டத்திலேயே இந்நிலை ஏற்பட்டது. மானியம் நீக்கப்பட்டமை உடனடிக் காரணம். ஆயினும் அதன் வேர்களுள் ஒன்று, எமது மீனவர் எவரும் கண்டிராத சர்வதேச முறிச் சந்தையில் இருந்தது.

2007 இல், யுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, இலங்கை முதன்முதலாக 500 மில்லியன் டொலர் பெறுமதியான இறைமை முறிகளை விற்றது. வட்டி 8.25 வீதம். வாங்குவதற்கு ஆட்கள் இருந்தனர். பின்னர் கடன்பெறுவது வழக்கமாயிற்று. 2019 இல் மட்டும் 4.4 பில்லியன் டொலர் திரட்டப்பட்டது. பழைய முறி முதிர்வடையும்போது புதிய முறியை விற்று அதை அடைப்பதே இக்கணக்கின் சூட்சுமம். சந்தை திறந்திருக்கும் வரை அது கடனாகவே தோன்றுவதில்லை.

2019 இறுதியின் வரிக்குறைப்பும் அதையடுத்து வந்த பெருந்தொற்றும் அரசின் வருமானத்தை வீழ்த்தின. 2020 செப்டெம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில் மூன்று பெரிய தரப்படுத்தல் நிறுவனங்களும் இலங்கையை அடிநிலைக்குத் தள்ளின. அதன் பின் புதிய முறிகளை விற்க வழியிருக்கவில்லை. ஆட்சியாளரின் தவறு பெரிதென்பதில் ஐயமில்லை. ஆனால் செழிப்பான காலத்தில் கேள்வியின்றிக் கொடுப்பதும், நெருக்கடியில் எல்லோரும் ஒருசேர விலகுவதும் சந்தையின் இயல்பு. தளம்பலைப் பெருவீழ்ச்சியாக்குவது இவ்வியல்பே.

கொழும்புத் துறைமுகத்தில் உணவுக் கொள்கலன்கள் டொலரின்றித் தேங்கிக் கிடந்தபோதிலும், 2022 ஜனவரியில் முதிர்ந்த முறிகளுக்கு 500 மில்லியன் டொலர் செலுத்தப்பட்டது. எவருக்கு முதலிடம் என்ற வினாவை அன்று எழுப்பியோர் இருந்தனர், செவிசாய்த்தவர் இல்லை. மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐ அண்மித்தது. இதற்கிடையே ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதமானது.

2024 டிசம்பரில் பழைய முறிகளுக்குப் பதிலாகப் புதியவை வழங்கப்பட்டன. அவற்றுட் சிலவற்றில், நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால் முறிதாரருக்கான கொடுப்பனவும் உயரும் என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டுள்ளது. மூதூர் மீனவரின் வருமானத்துக்கு அத்தகைய நிபந்தனை எதுவும் எங்கும் எழுதப்படவில்லை.