வாளையாறு முதல் ஓசூர் வரை

2017-க்கு முன்னால் கோவையிலிருந்து பாலக்காட்டுக்குப் பஸ்ஸில் போனவர்களுக்கு, வாளையாறு சோதனைச் சாவடியில் நின்ற லாரி வரிசை மறந்திருக்காது. சரக்கையும் பில்லையும் சரிபார்த்து முத்திரை விழும்வரை டிரைவர்கள் வண்டியோரமே அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருப்பார்கள்.

அன்றைய வரிச் சட்டங்கள் லாரியையும் கடையையும் நினைத்து எழுதப்பட்டவை. ஆன்லைன் வியாபாரம் வந்ததும் திணறிப் போயின. பெங்களூர்க் கிடங்கிலிருந்து சேலத்துக்கு ஒரு செல்போன் வந்தால், காசு கொடுத்தவர் சேலத்துக்காரர். வரியோ கர்நாடகத்துக்குப் போனது. பொறுக்காத குஜராத், உத்தராகண்ட் போன்ற மாநிலங்கள் ஆன்லைன் பொருளுக்குத் தனியாக நுழைவு வரி போட்டன.

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. சாவடிகள் மூடப்பட்டன. வரி இப்போது பொருள் போய்ச் சேரும் மாநிலத்துக்கு. உங்கள் வீட்டுக்கு வந்த பார்சலின் பில்லை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 1,050 ரூபாய்ப் பருத்திச் சேலையில் 50 ரூபாய் வரி. மதுரையிலிருந்து வந்திருந்தால் மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி 25, மாநிலத்துக்கு எஸ்ஜிஎஸ்டி 25 என்று இருக்கும். சூரத்திலிருந்து வந்திருந்தால் ஐஜிஎஸ்டி 50. அதிலும் பாதி தமிழ்நாட்டுக்குத்தான் வரும். இது நியாயமான மாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மனம் ஒப்பாத இடம் ஒன்று உண்டு. ஊருக்குள் கடை வைத்து ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை சரக்கு விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. அவரே ஆன்லைன் தளத்தில் ஒரே ஒரு சேலை விற்றாலும் பதிவு கட்டாயம் என்றிருந்தது. 2023 அக்டோபர் 1-ல்தான் தளர்த்தினார்கள்: வரம்புக்குள் விற்பவர் பான் எண்ணைக் கொடுத்து ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டுமே விற்கலாம்.

எங்கள் தெருவில் வீட்டிலேயே நைட்டி தைத்து ஆன்லைனில் விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். "ஓசூர் வரைக்கும் அனுப்பலாம் தம்பி. அதைத் தாண்டி அத்திப்பள்ளிக்கு அனுப்ப முடியாதாம். பெங்களூர்ல நம்ம ஜனங்க எத்தனை பேர் கேக்குறாங்க தெரியுமா?" என்றார். ஜிஎஸ்டி பதிவு எடுத்தால், விற்பனையே இல்லாத மாதங்களுக்கும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். ஆடிட்டருக்குக் கொடுக்கவே லாபம் போய்விடும் என்று பயப்படுகிறார். தளம் பிடித்துக்கொள்ளும் வரி 2024 ஜூலையில் 1 சதவீதத்திலிருந்து அரை சதவீதமாகக் குறைந்தது பதிவு பெற்றவர்களுக்கு ஓர் ஆறுதல். அக்காவின் சிக்கலை அது தொடவில்லை.

ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஜிஎஸ்டி கவுன்சிலில் இடம் இருக்கிறது. வரம்புக்குள் விற்கும் வீட்டுத் தொழில்காரர்கள் அதே சேர்க்கை எண்ணை வைத்து வெளிமாநிலத்துக்கும் அனுப்பலாம் என்று விதியை மாற்ற, தமிழ்நாட்டு அமைச்சர் அடுத்த கூட்டத்திலேயே கேட்க வேண்டும்.