இணையவழி வரும் கேடும் எம் பிள்ளைகளும்

ஊரிலே படலையைத் திறந்து ஒருவர் உள்ளே வந்தால் நாய் குரைக்கும், திண்ணையிலிருக்கும் ஆச்சி, "ஆரது?" என்று வினவுவார். இங்கு இலண்டனில், எம் பிள்ளைகளின் அறைக்குள் கைத்தொலைபேசி வழியாக யார் வந்து போகின்றார் என்பதனை நாம் அறிவதில்லை. எழுதக் கூசும் விடயந்தான். ஆயினும் நாம் கூசுவது தீயோருக்கே வாய்ப்பாகின்றது.

அவர்கள் முதலில் அச்சுறுத்துவதில்லை. இணைய விளையாட்டிலோ உரையாடற் செயலியிலோ ஒத்த வயதினர்போல் அறிமுகமாகி, பிள்ளையைப் புகழ்ந்து, "இது எமக்குள் இருக்கட்டும்" என்று இரகசியம் பழக்குவர். பின்னர் ஆடையற்ற படமொன்றைக் கேட்பர். படம் கைக்கு வந்ததும் குரல் மாறும். பெண் பிள்ளைகளுக்கே இவ்வாபத்து என்று எம்மவர் பலர் எண்ணுகின்றனர். ஆனால் பணத்துக்காக மிரட்டும் கும்பல்களிடம் பெரிதும் அகப்படுவோர் 14 முதல் 18 வயது வரையான ஆண் பிள்ளைகளே. இதனையிட்டுப் பிரித்தானியத் தேசியக் குற்றவியல் முகவரகம் 2024 ஏப்ரலில் நாடெங்கும் ஆசிரியர்களுக்கு எச்சரிக்கை விடுத்தது.

சட்டம் உறங்கவில்லை. பிள்ளையோடு தொடர்பு கொண்டபின் தீய நோக்குடன் நேரிற் சந்திக்கப் புறப்படுவதனை 2003ஆம் ஆண்டின் பாலியற் குற்றச் சட்டம் குற்றமாக்கியது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2017 ஏப்ரல் முதல், வயது வந்த ஒருவர் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தம் பாலியல் இச்சைக்காக ஆபாசச் செய்தி அனுப்புவதே குற்றமாகும். சந்திக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. படங்களைப் பொறுத்தவரை வயதெல்லை 18. பிள்ளை தானே எடுத்து அனுப்பிய படமும் இச்சட்டத்துள் அடங்கும் என்பதால், பொலிசாரிடம் சென்றால் பிள்ளைக்கே வழக்கு வருமோ என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அத்தகைய முறைப்பாட்டைப் பதிவு செய்துகொண்டு, பொதுநலன் கருதிப் பிள்ளைமீது மேல் நடவடிக்கை எடுக்காது விட 2016 முதல் பொலிசாருக்கு வழியுண்டு. 2023ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டமோ நிறுவனங்களையே பொறுப்பாளிகளாக்கியது. கடமை தவறும் நிறுவனத்துக்கு உலகளாவிய வருமானத்தில் பத்து வீதம் வரை தண்டம் விதிக்கலாம்.

ஆனால் சட்டத்தின் கதவைத் தட்டுவதற்கு முதலில் ஒருவர் வாய் திறத்தல் வேண்டும்.

எமக்குத் தெரிந்த ஒரு தந்தை. வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களையெல்லாம் பதினைந்து வயது மகனே வாசித்துப் பொருள் சொல்வான். அந்த மகன் தன்னை ஒருவர் மிரட்டுவதனை மூன்று வாரங்கள் மறைத்து, சேமித்த பணத்தையும் அனுப்பிவிட்டான். விடயம் வெளிப்பட்டதும் தந்தை செய்தது யாது? மானம் போய்விடும் என்று, செய்திகள் அனைத்தையும் அழித்துவிட்டார். குற்றவாளியின் தடயமும் அவற்றோடே போயிற்று. பணம் கொடாதீர்கள், ஒருமுறை கொடுத்தால் மீண்டும் கேட்பர். எதனையும் அழியாதீர்கள். தொடர்பை நிறுத்தி, தடைசெய்து, பொலிசாருக்கு 101 இலக்கத்தில் அறிவியுங்கள்; உடனடி ஆபத்தெனில் 999.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. படம் பரவிவிடும் என்று அஞ்சினால், 'ரிப்போர்ட் ரிமூவ்' என்னும் சேவையை 18 வயதுக்குட்பட்ட எவரும் இலவசமாக நாடலாம். இணையக் கண்காணிப்பு நிறுவனமும் சைல்ட்லைனும் இணைந்து நடத்துவது அது. படத்திலிருந்து கைரேகை போன்ற ஓர் இலக்கக் குறியீட்டை உருவாக்கி நிறுவனங்களுக்கு வழங்குவர். அதனைக் கொண்டு அப்படம் பதிவேறாது தடுக்கலாம். சைல்ட்லைனின் இலக்கம் 0800 1111. தொலைபேசிக் கட்டணச் சீட்டில் அவ்வழைப்புத் தோன்றாது.

நாம் ஊரில் ஆசிரியராயிருந்தபோது பிரம்பு பிடித்தவர்கள். அடிக்கு அஞ்சிய மாணவன் திருந்தியதிலும் பார்க்க, மறைக்கக் கற்றதே அதிகம். அதனை ஒப்புக்கொள்ள எமக்குக் காலம் எடுத்தது. இன்று எம் வகுப்பில் வேறொரு குறையைக் காண்கின்றோம். ஆத்திசூடியை ஒப்புவிக்கும் பிள்ளைக்கு, தனக்கு நேர்ந்ததைத் தாயிடம் சொல்லத் தமிழ்ச் சொற்கள் இல்லை. தாய்க்கோ பிள்ளையின் ஆங்கிலம் முழுவதும் விளங்குவதில்லை. ஆகவே இவ்வாண்டு ஐந்தாம் வகுப்பிலிருந்து மேலுள்ள பிள்ளைகளுக்குச் சில வாக்கியங்களைக் கற்பித்தோம். "அம்மா, ஒருவர் என்னைப் பயமுறுத்துகிறார்." "அப்பா, நான் ஒரு படம் அனுப்பிவிட்டேன்." அவர்கள் அவற்றைப் பிழையின்றிச் சொல்லிப் பழகியுள்ளனர். "நீ சொன்னது நல்லது, நான் உன்னோடு இருக்கிறேன்" என்ற மறுமொழியைப் பெற்றோர் வீட்டில் பழகிக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.