நமக்கு ஒப்படைக்கப்பட்ட மண்

மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமையைக் கேட்டதும் பாட்டு, படிப்பு, பேச்சு போன்ற திறமைகளையே நாம் நினைக்கிறோம். இயேசுவின் காலத்தில் தாலந்து என்பது ஒரு நிறை. பணமாக மாற்றினால் ஏறத்தாழ 6000 தெனாரியம். ஒரு தெனாரியம் கூலியாளின் ஒரு நாள் சம்பளம். தோட்டத்துக் கணக்கில் சொன்னால் 6000 பேர்! வருடத்துக்கு 300 பேர் விழுந்தாலும் 20 வருட உழைப்பு. ஒரே தாலந்து பெற்றவனும் குறைவாகப் பெறவில்லை.

இறம்பொடைச் சரிவில் நமக்கு ஒப்படைக்கப்பட்ட தாலந்து எது? லயத்தைச் சுற்றியுள்ள மரக்கறித் தோட்டத்தின் மேல்மண் என்போம். வேலை இலகு என்று பாத்தியை மேலிருந்து கீழாக இழுக்கிறோம். அடுத்த பெருமழையில் மண்ணும் போட்ட சாணமும் ஆற்றோடு கொத்மலை நீர்த்தேக்கத்தை நோக்கிப் போகின்றன. உவமையின் மூன்றாம் ஊழியன் தாலந்தை மண்ணில் புதைத்தான். நாமோ மண்ணையே ஆற்றில் விடுகிறோம்.

பிலிப்பைன்சின் மிந்தனாவோ தீவில் ஹரோல்ட் வாட்சன் என்ற பப்டிஸ்ட் மறைபரப்பாளர் 1970களில் மலை விவசாயிகளோடு சேர்ந்து ஒரு வழி கண்டார். 1985இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. (பிற சபையார்தானே என்று ஒதுக்க வேண்டாம்.) சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில், 4, 5 மீற்றருக்கு ஒன்றாக, அவரையினச் செடிகளை இரட்டை வரிசையில் நெருக்கமாக நடுவதும், இடையில் பயிரிடுவதும், வெட்டிய தழையைப் பாத்திக்கே போடுவதும்தான் அந்த முறை. குளிர் கூடிய மேட்டில் கிளிரிசீடியா மந்தமாகவே வளரும். அங்கே மானாப் புல் வரிசை பொருத்தம்.

மட்டம் பார்க்கக் கருவி வாங்க வேண்டாம். சம நீளமுள்ள இரண்டு கம்புகளை உச்சியில் கட்டி, கால்களை விரித்து, நடுவே குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு குறி. கால்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு குறி. இரண்டுக்கும் சரிநடுவில் நூல் நின்றால் இரு கால்களும் ஒரே மட்டம். அப்படியே எட்டு வைத்து நடந்து முளை அடிக்கலாம்.

இது பெரும் மண்சரிவைத் தடுக்காது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது நுவரெலியா மாவட்டம் பட்டதை மறக்க முடியாது. ஆபத்தான சரிவிலுள்ள லயத்துக்குப் பாதுகாப்பான இடத்தில் வீடுதான் மருந்து.

"காணி எங்கள் பேரில் இல்லையே, ஃபாதர்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உவமையின் ஊழியரும் உரிமையாளர் அல்லர்தான். ஆனால் அதைச் சொல்லிக் காணி உறுதியைத் தள்ளிப்போடுவோருக்கு நாம் துணைபோக மாட்டோம். உறுதியைக் கேட்டுக்கொண்டே மண்ணையும் காக்க வேண்டியிருக்கிறது. மாசி, பங்குனியில் முளை அடித்து முடித்தால், வைகாசி மழையோடு நடலாம்.