எல்லையில் நிறுத்தப்பட்ட மஞ்சள் பீன்ஸ்

விதை நம்முடையது. நிலமும் உழைப்பும் நம்முடையவை. விளைந்ததை மூட்டை கட்டி விற்கப் போகும் இடத்தில் ஒருவர் வழிமறித்து, "இந்தப் பயறின் நிறம் எனக்குச் சொந்தம், கிலோவுக்கு இவ்வளவு கட்டிவிட்டுப் போ" என்று கேட்டால் எப்படி இருக்கும்? மெக்சிகோ நாட்டின் வடபகுதி விவசாயிகளுக்கு 1999-ம் ஆண்டில் இதுதான் நேர்ந்தது. அந்த வழக்கு முடியப் பத்து ஆண்டுகள் ஆயின. நம் விவசாயிகளும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் அதில் பல இருக்கின்றன.

நம் மலைப்பகுதிகளில் பச்சைக் காயாகப் பறிக்கும் பீன்ஸை மெக்சிகோவில் முற்றவிட்டு, காயவைத்து, விதையைப் பருப்பாகச் சாப்பிடுகிறார்கள். வடநாட்டு ராஜ்மாவும் இதே இனம்தான். கறுப்பு, சிவப்பு, வெள்ளை, புள்ளி போட்டது என்று பல நிறங்களில் உண்டு. சொனோரா, சினலோவா மாநிலங்களில் மஞ்சள் நிறப் பீன்ஸுக்கு மவுசு அதிகம். 'அசுஃபிராதோ', 'மயகோபா', 'பெருவானோ' என்றெல்லாம் அதற்குப் பெயர். அமெரிக்காவில் குடியேறிய மெக்சிகோ மக்கள் இதை விரும்பி வாங்குவதால் எல்லை தாண்டி நல்ல வியாபாரம் நடந்து வந்தது.

ஒரு பை பயறு

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 'பாட்-நர்ஸ்' என்ற விதைக் கம்பெனியை நடத்தி வந்தவர் லாரி புரோக்டர். 1994-ம் ஆண்டில் மெக்சிகோ சென்றபோது சந்தையில் பல நிறம் கலந்த பீன்ஸ் ஒரு பை வாங்கினார். ஊர் திரும்பியதும் மஞ்சள் விதைகளை மட்டும் பொறுக்கி விதைத்தார். விளைந்ததில் ஒரே நிறமாக இருந்தவற்றை எடுத்து மறுபடி விதைத்தார். பீன்ஸ் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். இரண்டு மூன்று போகம் பொறுக்கி விதைத்தால் ரகம் ஒரே சீராக வந்துவிடும். நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்து வைக்கும் நம் வீட்டுப் பாட்டி செய்வதும் இதுவேதான்.

பாட்டிக்குத் தோன்றாத ஒன்று அவருக்குத் தோன்றியது. 1996 நவம்பரில் பேடண்ட் எனப்படும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தம் மனைவியின் பெயரை ஒட்டி ரகத்துக்கு 'இனோலா' என்று பெயர் வைத்தார். 1999 ஏப்ரல் 13-ந் தேதி 5,894,079 என்ற எண்ணில் அமெரிக்க அரசு காப்புரிமை வழங்கியது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு இது செல்லும். குறிப்பிட்ட ஒரு மஞ்சள் சாயலில் உள்ள பீன்ஸ் விதை தமக்கே உரியது என்று அதில் கோரியிருந்தார். அந்தச் சாயலை 'மன்செல்' என்ற நிற அட்டைப் புத்தகத்தின் எண்களைக் கொண்டு குறித்திருந்தார். மண்ணின் நிறம் பார்க்க மண் ஆய்வாளர்கள் வயலுக்குக் கொண்டு வரும் அட்டைகளும் இந்த முறையைச் சேர்ந்தவைதான்.

அனுமதி கிடைத்த கையோடு புரோக்டர் வேலையை ஆரம்பித்தார். மெக்சிகோ பீன்ஸை இறக்குமதி செய்யும் கம்பெனிகளுக்குக் கடிதம் போனது: பவுண்டுக்கு 6 சென்ட் உரிமைத் தொகை கட்ட வேண்டும் (கிலோவுக்குச் சுமார் 13 சென்ட்). கட்டாத இரண்டு கம்பெனிகள் மீது அந்த ஆண்டு இறுதியில் வழக்கும் போட்டார். எல்லையில் அமெரிக்கச் சுங்க அதிகாரிகள் மெக்சிகோ பீன்ஸ் சரக்குகளை நிறுத்தி மாதிரி எடுக்கலானார்கள். மஞ்சள் பீன்ஸ் ஏற்றுமதி 90 சதவீதத்துக்கும் மேல் விழுந்துவிட்டது என்று இறக்குமதி செய்தவர்கள் சொன்னார்கள். வட மெக்சிகோவில் 22,000 விவசாயிகளுக்கு மேல் நஷ்டம் என்று, விதை உரிமைக்காகப் போராடிவரும் 'ஈ.டி.சி.' குழு கணக்குக் கூறியது. 2001-ல் அமெரிக்காவிலேயே 16 சிறு விதைக் கம்பெனிகளும் விவசாயிகளும் வழக்கில் இழுக்கப்பட்டார்கள்.

ஒரு நாட்டுச் சட்டம் இன்னொரு நாட்டில் செல்லுமா?

அமெரிக்கா கொடுத்த காப்புரிமை மெக்சிகோவில் எப்படிச் செல்லும் என்று வாசகர்கள் கேட்கலாம். செல்லாது. மெக்சிகோ விவசாயி தன் நிலத்தில் மஞ்சள் பீன்ஸ் விதைப்பதையோ, தன் ஊரில் விற்பதையோ அது தடுக்க முடியாது. ஆனால், காப்புரிமை உள்ள பொருளைப் பிறர் இறக்குமதி செய்வதைத் தடுக்கும் உரிமையும் உரிமையாளருக்கு உண்டு. 1995-ல் உலக வர்த்தக அமைப்பு தொடங்கியபோது நடைமுறைக்கு வந்த 'டிரிப்ஸ்' ஒப்பந்தத்தில் இது எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே, வயலுக்குள் நுழைய முடியாத உரிமை, சரக்கு எல்லையைத் தொட்டதும் உயிர் பெற்றுவிடுகிறது. வாங்குகிற நாடு ஒன்றையே நம்பி ஒரு பயிர் செய்பவனுக்கு, அங்கே கதவு மூடினால் வயலில் கைவைத்த மாதிரிதான்.

பிடி கொடுத்தது பதிவேடு

விவசாயிகளால் அமெரிக்க வக்கீல் வைத்து வாதாட இயலுமா? கொலம்பியா நாட்டில் காலி நகருக்கு அருகிலுள்ள 'சியாட்' என்ற சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் களத்தில் இறங்கியது. அங்கேயுள்ள விதை வங்கியில் 27,000-க்கும் மேற்பட்ட பீன்ஸ் மாதிரிகள் இருந்தன. அவற்றில் சுமார் 260 மஞ்சள் நிறமுடையவை. ஆறு மாதிரிகள் இனோலாவை அப்படியே ஒத்திருந்தன. இந்த விதைகள் உலகப் பொதுச் சொத்து. இவற்றின் மீது யாரும் தனி உரிமை கோரக்கூடாது என்று 1994-ல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். 2000 டிசம்பரில் காப்புரிமையை மறுபரிசீலனை செய்யக் கோரி சியாட் மனுக் கொடுத்தது.

அதன் பின் நடந்தது நம் ஊர் சிவில் கேஸ் மாதிரிதான். புரோக்டர் தரப்பு ஏற்கெனவே இருந்த 15 கோரிக்கைகளோடு புதிதாக 43 கோரிக்கைகளைச் சேர்த்தது. இதற்கிடையே 2004-ல் கலிபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் மரபணுச் சோதனை முடிவை வெளியிட்டார்கள். இனோலா, மெக்சிகோவின் 'அசுஃபிராதோ பெருவானோ 87' என்ற ரகத்தோடு ஒத்துப் போயிற்று. 2005 டிசம்பரில் காப்புரிமை அலுவலகம் கோரிக்கைகளை நிராகரித்தது. புரோக்டர் அப்பீல் செய்தார். 2008 ஏப்ரலில் அலுவலகத்தின் அப்பீல் குழுவும், 2009 ஜூலையில் அமெரிக்க மத்திய அப்பீல் கோர்ட்டும் நிராகரிப்பை உறுதி செய்தன. இந்தத் தொழில் தெரிந்த எவரும் செய்யக்கூடியதே இது, புதிய கண்டுபிடிப்பு இல்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

அதுவரை, அதாவது பத்து ஆண்டுகளுக்கு மேல், காப்புரிமை ஏட்டில் உயிரோடுதான் இருந்தது. தீர்ப்பு வந்த நாளில் மெக்சிகோ விவசாயி ஒருவன் தன் பழைய வியாபாரியைத் தேடிப் போயிருந்தால், அந்த வியாபாரி அந்தத் தொழிலில் இருந்திருப்பானா என்பதே சந்தேகம்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்நாளைய அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் ஒரு வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்தது என்று வாயால் சொன்னால் போதாது. அச்சில் வந்திருக்க வேண்டும். 2013-ல்தான் இந்த விதி மாறியது. நம் மஞ்சள் விவகாரத்திலும் இதே தொல்லைதான். காயத்துக்கு மஞ்சள்தூள் போடுவதற்கு 1995 மார்ச்சில் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு 32 ஆதாரங்களைத் திரட்டிக் கொடுத்து, 1997-ல் அதைத் தள்ளுபடி செய்ய வைத்தது. அவற்றில் ஒன்று 1953-ல் இந்திய மருத்துவச் சங்கப் பத்திரிகையில் வந்த கட்டுரை. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டி அங்கே சாட்சியாக ஏறவில்லை!

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் பயிருக்கும் விதைக்கும் பேடண்ட் கிடையாது. அதற்குப் பதிலாக, 2001-ம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கம்பெனி தன் ரகத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆயினும், அச்சட்டத்தின் 39-வது பிரிவின்படி, பதிவான ரகமாக இருந்தாலும் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், மறுபடி விதைக்கவும், பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு மாற்றிக்கொள்ளவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு. பெயர் அச்சிட்ட பையில் போட்டு, அந்த ரகத்தின் விதை என்று முத்திரை குத்தி விற்கக்கூடாது. அவ்வளவுதான் தடை.

இந்தப் பிரிவு ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பது 2019-ல் தெரிந்தது. சிப்ஸ் தயாரிக்கும் எஃப்.எல். 2027 என்ற உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாக குஜராத் விவசாயிகள் மீது பெப்சிகோ கம்பெனி வழக்குப் போட்டது. நான்கு பேரிடம் தலைக்கு 1 கோடியே 5 லட்சம் ரூபாய் கேட்டார்கள். நாலு ஏக்கர் கிழங்கு போட்டவனால் கனவிலும் எண்ண முடியாத தொகை. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பவே, மே மாதத்தில் வழக்குகளை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவே ரத்தாயிற்று. ஆனால், 2024 ஜனவரியில் டில்லி ஹைகோர்ட் பெஞ்ச் அந்த ரத்தைத் தள்ளிப் பதிவைத் திரும்பக் கொடுத்துவிட்டது. பதிவு திரும்பினாலும் 39-வது பிரிவு அப்படியே இருக்கிறது. விதைக் கம்பெனியோடு ஒப்பந்தப் பயிர் செய்பவர்கள் கையெழுத்துப் போடுமுன் விதையைப் பற்றிய ஷரத்துகளைப் படித்துக் கேட்டறிந்துகொள்வது நல்லது.

ஊரில் புழங்கும் பழைய ரகங்களையும் இச்சட்டத்தின் கீழ் விவசாயியின் பெயரிலோ, ஊராரின் பெயரிலோ பதிவு செய்யலாம். விவசாயிகளிடம் கட்டணம் கிடையாது. பதிவு மரப்பயிர்களுக்கு 18 ஆண்டுகளும் மற்றப் பயிர்களுக்கு 15 ஆண்டுகளும் செல்லும். ஈரோடு மஞ்சள், கொடைக்கானல் மலைப்பூண்டு ஆகியவை 2019-ல் பெற்ற புவிசார் குறியீடு வேறு. அது ஊர்ப் பெயரைக் காக்குமே தவிர விதையைக் காக்காது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் பலர்.

மெக்சிகோ வழக்கில் பயன்பட்டது தேதி போட்ட பதிவேடும், முளைக்கும் நிலையில் காத்து வைத்த விதையும்தான். உங்களிடம் நாட்டு ரகம் எதுவும் இருந்தால், அதன் பெயர், யாரிடமிருந்து வந்தது, எத்தனை வருஷமாக விதைக்கிறீர்கள், வயது எத்தனை நாள், விதையின் நிறம், கதிர் அல்லது காயின் அமைப்பு, விளையும் மண், தாங்கும் நோய் ஆகியவற்றை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். பூக்கும்போதும் அறுவடையின்போதும் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. விதையில் ஒரு பங்கைக் கலப்பில்லாமல் காயவைத்துத் தனியே எடுத்து வையுங்கள். பதிவு செய்யும்போது மாதிரி விதையும் கொடுக்க வேண்டியிருக்கும். விண்ணப்பம் பற்றிய விவரங்களை உங்கள் மாவட்டத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.